மந்தர ஒலியும் நம் மண்டபமும்

திருமண வரவேற்புக்கும் பொங்கல் விழாவுக்கும் நம் மண்டபத்தில் அமைக்கப்பெறும் ஒலிபெருக்கிகளைப் பற்றி நேயர்களிடையே சில திங்களாக இருவகைக் குறைபாடு எழுந்த வண்ணம் இருக்கின்றது. "ஆடுவதற்கு ஏற்ற அடித்தொனியே இல்லை, வெறும் இரைச்சல்தான் இருக்கின்றது" என்பது இளைஞர் கூற்று. "நெஞ்சு அதிர்கின்றது, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை" என்பது முதியோர் கூற்று. இவை ஒன்றற்கொன்று முரணானவை என்றும், ஒரு சாராரை மகிழ்வித்தால் மறு சாரார் வருந்தியே தீர்வர் என்றும் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இரண்டும் ஒரே குறையிலிருந்து கிளைத்தவை.

இதனை இப்போது ஆராய வேண்டியதற்குக் காரணமும் உண்டு. பெரிய மந்தர ஒலிப் பெட்டிகள் நான்கினைச் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைக்க வேண்டுமென்று இளைஞர் அணியினர் செயற்குழுவை வேண்டியிருக்கின்றனர். கையிருப்பில் உள்ள தொகையோ மண்டபக் கூரையைப் புதுப்பிப்பதற்காகக் குடும்பங்கள்தோறும் சேர்த்த பணம். "பிள்ளைகள் ஆட்டத்துக்காகக் கூரையை ஒழுக விடுவதா?" என்று ஒரு பெரியவர் கேட்டதாக அறிகின்றோம். நியாயமான கேள்வியே. ஆயினும் நம் பிள்ளைகள் தம் கொண்டாட்டத்தை நம் மண்டபத்தில் நடத்தாமல் விடுதிகளைத் தேடிப் போவார்களாயின், நாளடைவில் பொங்கலன்றுகூட மண்டபத்தில் நரைத்த தலைகளே தென்படும். ஆகவே, வேண்டாம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவதும் தகாது. கேட்டதை அப்படியே கொடுப்பதும் தகாது. மந்தர ஒலி என்பது எவ்வாறு பிறந்து எவ்வாறு கெடுகின்றது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வதே முறை.

நம் இசை நூலோர் குரலின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். ஆங்கிலத்தில் 'பாஸ்' எனப்படுவது இம்மெலிவுக்கும் கீழே வெகுதூரம் இறங்குவது. வினாடிக்கு 40 அதிர்விலிருந்து 100 அதிர்வு வரை உள்ள ஒலியே ஆடுவோர் காலைத் தூக்கச் செய்வது. பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி எழுப்புவது 41 அதிர்வு. நம் நாட்டுக் கலைஞர்க்கு இவ்வித்தை புதிதன்று. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்புவது எதற்காக? தோலுக்குப் பாரம் ஏற்றினால் அதிர்வு தாழும் என்பதற்காகவே. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் 'கும்' என்ற ஒலியை வருவிக்கின்றார். பானைக்குள் அடைபட்ட காற்றே அங்கு ஒலிக்கின்றது. இந்தக் கடத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுக, பின்னர் வேண்டியிருக்கும்.

நம் தீவின் வெம்மையில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். அவ்வாறாயின் 1,000 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் 35 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவு. 50 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளமோ 7 மீட்டர். ஒரு சிறிய அறையைக் காட்டிலும் நீண்ட அலை அது. மந்தர ஒலியின் எல்லாத் தொல்லைகளும் எல்லாச் சிறப்பும் இந்த நீளத்திலிருந்தே வருகின்றன. அது தூணைச் சுற்றிக்கொண்டு போகும். மெல்லிய சுவரையும் தகரத்தையும் ஊடுருவும். எத்திசையிலிருந்து வருகின்றது என்று காதால் சொல்லவே முடியாது.

தமிழகத்தில் ஒரு தலைமுறை முழுவதும் கோயில் திருவிழாவைக் குழாய் ஒலிபெருக்கியின் வழியாகவே கேட்டது. ஊர் எல்லை வரை பாட்டைக் கொண்டு செல்வதில் அக்குழாய்க்கு நிகரில்லை. ஆனால் அதன் வாய் சிறியது; சுமார் 300 அதிர்வுக்குக் கீழே அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே வராது. பாடகர் குரலும் நாதசுரமும் கேட்கும்; அடியில் உள்ள தாளம் கேளாது. அந்நாளில் எவரும் அதைக் குறையாகக் கருதவில்லை. பாட்டுகளில் அடித்தொனி தனிக் கவனம் பெற்றது பின்னரே. இளையராஜா பாஸ் கிட்டாரைத் தனிக்குரல் போல நடத்தினார். 1992-இல் 'ரோஜா' படத்தின் வழியாக அறிமுகமான ஏ. ஆர். ரகுமானின் பதிவுகளில் அடித்தொனி ஆழமாகவும் தெளிவாகவும் அமைந்தது. பாட்டு மாறிவிட்டது, அதைக் கேட்பிக்கும் கருவியும் மாறத்தான் வேண்டும். இளைஞர் பக்கம் உள்ள நியாயம் இது.

ஆட்டத்துக்காகவே ஒலியமைக்கும் கலை வேறிடங்களில் வளர்ந்தது. 1950-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், ஆடலரங்குக்குச் செல்ல வசதியற்ற எளிய மக்கள் ஆடுவதற்கெனத் தெருவிலேயே ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி இசைத்தட்டு இசைத்தனர். நியூயார்க்கில் வாகன நிறுத்துமிடமாக இருந்த ஒரு கட்டடம் 1977 முதல் 1987 வரை 'பாரடைஸ் கராஜ்' என்னும் ஆடலரங்காக விளங்கியது. லாரி லெவன் இசைத்தட்டு இசைக்க, ரிச்சர்ட் லாங் என்பார் ஒலியை அமைத்தார். உலகெங்கும் இத்தொழிலில் இருப்போர் இன்றும் அவ்வரங்கின் ஒலியை ஓர் அளவுகோலாகப் பேசுகின்றனர். பணம் படைத்தவர் மாளிகையில் அன்றி, தெருவிலும் பழைய கொட்டகையிலும் இக்கலை முதிர்ந்தது என்பது நம்மைப் போன்ற சங்கங்களுக்கு ஊக்கந்தரும் செய்தி.

இனிப் பெட்டிக்கு வருவோம். ஓர் ஒலிபெருக்கியின் கூம்பு காற்றைத் தள்ளுகின்றது. அதே வலிமையோடு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்க வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 100 அதிர்வில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தது, 50 அதிர்வில் நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டும், 25-இல் பதினாறு. சிறிய பெட்டிகள் தோற்பது இங்கேதான். அவற்றால் 50-ஐ எழுப்ப இயலாது. ஒலியமைப்பவரோ இளைஞரின் கூக்குரலுக்கு இணங்கி 'பாஸ்' திருகைக் கடைசி வரை திருப்புகின்றார். அதனால் உயர்வது அப்பெட்டியால் இயன்ற 150 முதல் 250 அதிர்வு வரையுள்ள பகுதி. பேச்சுக் குரலை மூடி மறைத்து, மண்டபத்தை 'கொம்' என்று நிரப்புவது அப்பகுதியே. தாழ்ந்த ஒலி தன்னினும் உயர்ந்த ஒலியை மறைக்க வல்லது என்பது செவியின் இயல்பு. ஆக, இளைஞர்க்கு வேண்டியது வரவில்லை. முதியோர்க்கு வேண்டாதது வந்து சேர்ந்தது. இரு சாராரின் குறையும் ஒன்றே என்று முன்னர்க் கூறியது இதனாலேதான்.

பெரும்பாலான மந்தர ஒலிப் பெட்டிகளின் முகத்தில் ஒரு துளையோ பிளவோ இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது அழகுக்கன்று; கடத்தின் வாய்தான் அது. பெட்டியின் உள்ளே உள்ள காற்றும் துளையில் உள்ள காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வில் தாமே ஒலித்துக் கூம்புக்குத் துணை புரிகின்றன. பெட்டி எவ்வளவு பெரிது, துளை எவ்வளவு நீளம் என்பதைக் கணக்கிட்டு அமைக்கும் வழியை 1961-இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் வகுத்தளித்தார். பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் அதனை விரித்தார். இன்று எங்கும் பெட்டி செய்வோர் கையாள்வது அக்கணக்கே. இதனை இங்கே கூறுவதற்குக் காரணம், "ஸ்பீக்கரை மட்டும் வாங்குவோம், பெட்டியைத் தச்சரிடம் கண்ணளவில் செய்துகொள்வோம்" என்ற யோசனையும் எழுந்திருப்பதுதான். தச்சர் கைத்திறனில் ஐயமில்லை; நம் தீவில் நல்ல மரத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த ஸ்பீக்கருக்குரிய கணக்கை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். கண்ணளவில் செய்த பெட்டி ஒரே சுரத்தில் மட்டும் உறுமும். மற்றொன்று: துளையின் சுருதிக்கும் கீழான ஒலி பெட்டிக்குள் சென்றால் கூம்புக்குக் காற்றின் பிடி அகன்றுவிடும், தடையின்றி ஆடிக் கிழியும். ஆகையால் 30 அல்லது 35 அதிர்வுக்குக் கீழுள்ளவற்றைத் தடுக்கும் வடிகட்டி இன்றியமையாதது.

இவ்வளவும் பொருட் செலவுள்ள செய்தி. செலவே இல்லாத செய்திதான் பெட்டியை வைக்கும் இடம். நல்ல பெட்டியைக் கெட்ட இடத்தில் வைத்தால் அது கெட்ட பெட்டியே.

வழக்கத்தில் என்ன செய்கின்றனர்? மேடையின் இரு கோடியிலும் ஆளுக்கொன்றாக இரண்டு மந்தரப் பெட்டிகளை நிறுத்துகின்றனர். பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், காதுக்கு இருக்காது. நடுவே நிற்பவர்க்கு இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து வலுக்கும். சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தவர்க்கு ஒரு பெட்டி அருகிலும் மற்றொன்று தொலைவிலும் ஆகின்றது. அத்தொலைவின் வேற்றுமை 3.5 மீட்டர் ஆகுமிடத்தில், 50 அதிர்வில் ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் சந்தித்து இரண்டும் ஏறக்குறைய அழிந்துபோகும். அங்கே நிற்பவர் "பாஸே இல்லை" என்பார். நடுவே நிற்பவர் "போதும் போதும்" என்பார். இருவரும் மெய்யே பேசுகின்றனர். இதற்கு மாற்று, பெட்டிகளை ஒன்றாக நடுவில் சேர்த்து வைப்பதாகும். நெருங்கி நிற்கும் இரண்டு பெட்டிகள் ஒன்றின் ஒலியழுத்தத்தைப் போல் இரு மடங்கு தரும். அழியும் இடங்களும் இரா.

பின் சுவரும் ஒரு கள்வன். பெட்டியைச் சுவரிலிருந்து 1.75 மீட்டர் முன்னே வைத்தால், பின்னால் சென்று திரும்பும் ஒலி 3.5 மீட்டர் அதிகம் நடந்து, மேற்சொன்ன கணக்கின்படியே 50 அதிர்வைத் தின்றுவிடும். சுவரை ஒட்டி வைத்தால் அதே சுவர் துணைவனாகின்றது, தரையும் அவ்வாறே. மந்தரப் பெட்டியை உயரத்தில் ஏற்றுவதால் பயனில்லை. உயர்த்த வேண்டியவை பேச்சும் பாட்டும் வரும் மேல் பெட்டிகள். அவை தலைகளுக்கு மேலிருந்து கடைசி வரிசையை நோக்க வேண்டும்.

மண்டபத்தின் அளவுகளும் குறுக்கிடும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கட்டியவர்க்கு இவ்வளவுகள் எளிது. ஒலிக்கு இது பகை. ஒன்று மற்றொன்றின் இரட்டையாக இருப்பதால் 35 அதிர்விலும் 70 அதிர்விலும் மூன்று திசையிலும் ஒரே நேரத்தில் நிலையலை எழும். 35-இல், அகலவாட்டில் மட்டும் பார்த்தால், சுவரோரத்தில் இருப்பவர்க்கும் நடுக்கோட்டில் இருப்பவர்க்கும் ஒலி மிகும்; சுவரிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி நிற்பவர்க்குக் குறையும். நம் மண்டபங்களில் முதியோர் நாற்காலிகளை எங்கே போடுகின்றோம்? சுவரோரத்தில்! ஆடுவோர்க்கு இடம் விட வேண்டுமென்ற நல்லெண்ணத்தால் பெரியவர்களை அதிர்ச்சி மிக்க இடத்தில் அமர்த்துகின்றோம். நாற்காலிகளை இரண்டு மூன்று தப்படி உள்ளே தள்ளிப் போட்டுப் பாருங்கள். திறந்த சாளரங்கள் மிகுந்த மண்டபத்தில் இவ்விளைவு மட்டுப்படும். எனினும் முற்றும் நீங்காது.

அடுத்து, கம்பியின் முனை. கூட்டல் முனையும் கழித்தல் முனையும் ஒரு பெட்டியில் மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். மந்தர ஒலி மாயமாகிவிடும். அவசரத்தில் விழா அமைப்போரிடம் அடிக்கடி நேரும் பிழை இது. சோதனை எளிது. இரு பெட்டிகளையும் அருகருகே வைத்து ஒரு பாட்டை ஓடவிடுக. ஒரு பெட்டியின் கம்பியை மட்டும் மாற்றிப் பொருத்திக் கேட்க. எந்த நிலையில் அடித்தொனி மிகுகின்றதோ அதுவே சரி. கம்பியை மாற்றுவதற்கு முன் ஆம்பிளிஃபையரை அணைத்துவிட வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சொல்லி வைக்கின்றோம்.

கம்பியின் பருமனையும் பார்க்க. 4 ஓம் பெட்டிக்கு 20 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இழுத்தால், வெளிவரும் ஆற்றலில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கம்பியைச் சூடாக்கவே செலவாகும். பருத்த கம்பி வாங்குவது புதிய ஆம்பிளிஃபையர் வாங்குவதினும் மலிவு. நம் தீவில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் எந்திரங்களிலிருந்து வருவது. அழுத்தம் ஏறியிறங்குவதை யாவரும் அறிவோம். மந்தர ஒலியின் ஒவ்வோர் அடிக்கும் விளக்கு மங்குமாயின், ஆம்பிளிஃபையர் பசியோடு இருக்கின்றது என்பது பொருள். பசித்த ஆம்பிளிஃபையர் அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுண்ட அலையே ஸ்பீக்கரின் கம்பிச் சுருளை எரிப்பது. ஒலிக்கென்று தனி மின்னிணைப்பு ஒன்றை ஒதுக்கி, அலங்கார விளக்குகளையும் மின்விசிறிகளையும் வேறு இணைப்பில் மாட்டுவது நலம்.

இப்போது கூரை. தகரக் கூரையின் ஆணி தளர்ந்த ஒவ்வொரு தகடும் தனித்தனிப் பறையாகும். பாட்டில் இல்லாத கிறீச்சொலியும் படபடப்பும் மந்தர ஒலியால் எழுகின்றன. ஆனால் அவை மந்தர ஒலியல்ல. மர மேடையும் அவ்வாறே: உள்ளே வெறுமையாக இருப்பதால், பெட்டியை அதன்மேல் வைத்தால் மேடையே உறுமும், பெட்டியைத் தரையில் இறக்கிவிட வேண்டும். கூரைத் தகடுகளை ரப்பர் வட்டம் இட்டு இறுக்கி, தளர்ந்த சாளரக் கதவுகளுக்கு மெத்தையிட்டு அடைத்தாலே, இப்போதுள்ள பெட்டிகள்கூட இருமடங்கு தெளிவாகக் கேட்டது போலத் தோன்றும். ஆகவே கூரை நிதியைக் கூரைக்கே செலவிடுவது ஆட்டத்துக்கும் செய்யும் உதவியாகும். பெரியவர் கேட்ட கேள்விக்கு இது விடை.

அண்டை வீட்டாரை மறந்துவிட முடியாது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில் நம் பக்கத்து வீடுகளில் வங்காளியரும் தெலுங்கரும் மலையாளியரும் ராஞ்சி மக்களும் வாழ்கின்றனர். வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரத்தை அவர்களும் நம்மோடு நின்று காண்கின்றனர். அந்த உறவைப் பாதி இரவில் கெடுத்துக்கொள்ளலாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என அளவும் வகுக்கின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை உறுதிப்படுத்தியது. இங்கே ஒரு நுட்பம் இருக்கின்றது. அளவுகருவி காதின் இயல்பைப் பின்பற்றி 'ஏ' என்னும் நிறையில் அளக்கின்றது. அந்நிறை 50 அதிர்வுள்ள ஒலியை 30 டெசிபெல் குறைத்தே கணக்கிடும். கருவி "சரி" என்று காட்டும்போதே பக்கத்து வீட்டுப் பாத்திரம் அலமாரியில் நடுங்கிக்கொண்டிருக்கலாம். கருவியைக் காட்டி வழக்காடுவதை விட, இளைஞர் ஒருவர் அவ்வீட்டு வாசலில் நின்று கேட்டு வருவது மேல்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் ஒலி வெளிச்செல்லாது என்பது எங்கும் பரவிய கதை. 7 மீட்டர் அலைக்கு முட்டை அட்டை எம்மாத்திரம்? பாரமான சுவரே மந்தர ஒலியைத் தடுக்கும். சுவரைக் கட்ட இயலாதவர்க்கு வேறோர் உபாயம் உண்டு: மூன்று பெட்டிகளில் ஒன்றைப் பின்னோக்கித் திருப்பி, அதன் முனையை மாற்றி, அளவான காலத் தாமதத்தோடு ஒலிக்கச் செய்தால், பின்புறம் செல்லும் மந்தர ஒலி பெரிதும் அழிந்து முன்புறம் நிற்கும். மேடைக்குப் பின்னே வீடுகள் உள்ள நமக்கு இது பெரிதும் பொருந்தும். இம்முறையில் பெட்டிகளைச் சுவரை ஒட்டி வைக்க இயலாது. தாமதத்தைக் கணக்கிடும் கருவியும், அதை அறிந்த ஆளும் வேண்டும்.

எவ்வளவு உரக்க வைப்பது? செவியின் ஒரு வழக்கத்தை 1933-இல் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டினர்: ஒலி மெலிந்திருக்கும்போது செவி மந்தரத்தை மிகக் குறைவாகவே உணர்கின்றது. அதனால்தான் உரக்க வைத்தால் 'நன்றாக' இருப்பது போல் தோன்றுகின்றது. அதனால்தான் இரவு ஏற ஏறத் திருகும் ஏறுகின்றது. தனி மந்தரப் பெட்டியை 80 முதல் 100 அதிர்வுக்குக் கீழுள்ளவற்றிற்கு மட்டும் ஒதுக்கி, அதைத் தனித் திருகால் உயர்த்தினால், மொத்த ஒலியை உயர்த்தாமலே ஆடுவோர் மனம் நிறையும். ஆடலரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அது மேல் எல்லையே. கைக்குழந்தைகள் உள்ள திருமண மண்டபத்துக்கு அதனினும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். நம் தீவில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகின்றது. ஆறு மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கி ஒன்பதரைக்கு விருந்தில் அமர்வது நமக்கு எளிது. தாய்நாட்டு நகரங்களைப் பார்த்து ஒன்பதுக்குத் தொடங்குவானேன்?

ஆகவே செயற்குழுவுக்கு நம் யோசனை: முதலில் கூரையும் கம்பியும், பின்னர், ஓரிரு விழாக்களில் வாடகைப் பெட்டிகளை நடுவில் சேர்த்து வைத்துக் கேட்டுப் பார்த்தல், அதன் பின்னும் வேண்டுமானால் இரண்டு பெட்டி. நான்கு வேண்டுவதில்லை. கடல் வழியே 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். ஒவ்வொரு பெட்டியும் ஆளைவிடக் கனமானது. பழுதானால் திருப்பி அனுப்புவதும் அதே வழியாகத்தான். வாங்கும்போது மரத்தூள் அட்டையால் செய்த பெட்டியைத் தொடாதீர்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் அது ஊறி உப்பிவிடும். நல்ல ஒட்டுப்பலகையே வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு பஞ்சுநுரையாக இருந்தால் நம் ஈரக் காற்றில் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும்; துணி விளிம்பு உள்ளதைக் கேட்டு வாங்குக. விழா முடிந்ததும் பெட்டியை வெறுந்தரையில் விடாமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி, துணியுறை போட்டு வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது இயக்கினால் சுருளும் இணைப்புகளும் உலர்ந்திருக்கும். அந்த அரை மணிக்கு எந்தப் பாட்டு என்பதை இளைஞர் அணியே முடிவு செய்யட்டும்.